சண்டைக்குப் படம் காரணமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்க்கத்தக்க படங்கள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பட்டியலில் ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்: ரோட்ரிக் ரூல்ஸ்’ என்ற ஆங்கிலப் படமும் இடம்பெற்றிருந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் மாட்டிவிடுவதையே வேலையாகக் கொண்ட படத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, உடன்பிறந்தவரோடு போட்டி போடுவது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கமல்லவா என்று அதைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் வெளியிட்டிருந்தீர்கள். நடுநிலைப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அந்தக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. படத்தில் குறை உண்டு. ஆனால் அது அன்பர் சுட்டிய இடத்தில் இல்லை.

ஜெஃப் கின்னி கோட்டுச் சித்திரங்களோடு எழுதிவரும் சிறுவர் நூல் வரிசையின் இரண்டாம் நூலைத் தழுவி, முதற்படம் வந்த மறு ஆண்டே, 2011 மார்ச் மாதத்தில் டேவிட் பவர்ஸ் இயக்கத்தில் வெளிவந்த இரண்டாம் பாகம் இது. ஏழாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் கிரெக், இசைக்குழு ஒன்றை வைத்துக்கொண்டு டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் ரோட்ரிக், எது செய்தாலும் திட்டு வாங்காத கடைக்குட்டி மேனி என மூன்று ஆண்பிள்ளைகள் உள்ள வீடு. தாய் சூசன் உள்ளூர்ச் செய்தித்தாளில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பத்தி எழுதுபவர். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் அம்மையாருக்குத் தம் வீட்டுப் பிள்ளைகள் இருவரை அரை மணி நேரம் சண்டையில்லாமல் உட்காரவைக்க முடியவில்லை. அன்பர் இதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. படம் கேலி செய்வது பிள்ளைகளை மட்டுமன்று.

சூசன் அதற்கு ஒரு திட்டம் வகுக்கிறார். பிள்ளைகள் இருவரும் சண்டையில்லாமல் சேர்ந்து கழிக்கும் நேரத்துக்குக் கூலியாக ‘அம்மா பணம்’ என்று தாமே ஒரு தாளைக் கொடுக்கிறார். பிறகு அதைக் கொடுத்து அசல் பணமாக மாற்றிக்கொள்ளலாம். பாசத்துக்கு விலை வைத்த இந்தத் திட்டம் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதை அமெரிக்க வேடிக்கை என்று நாம் சிரித்துவிட்டுப் போவதற்கும் இல்லை. ‘ரெண்டு பேரும் சாயங்காலம் வரை சண்டை போடாமல் இருந்தால் ஆளுக்குப் பத்து ரூபாய்’ என்ற பேரத்தைத் திருநகரிலும் திருமங்கலத்திலும் கேட்காத தெரு இருக்குமா? இப்போது பத்து ரூபாயின் இடத்தில் அரை மணி நேரம் கைப்பேசி வந்திருக்கிறது. அரிசி டின்னுக்குப் பின்னால் அம்மா ஒளித்துவைத்த அந்தக் கைப்பேசியை யார் முதலில் கண்டுபிடித்தது என்பதிலேயே அடுத்த சண்டை தொடங்கிவிடுகிறது.

பெற்றோர் வெளியூர் சென்றிருக்கும்போது ரோட்ரிக் நண்பர்களைக் கூட்டி வீட்டையே அமர்க்களப்படுத்துகிறான்; குளியலறைக் கதவில் எவனோ அழியாத மையால் எழுதிவிடுகிறான்; அதை மறைக்க அண்ணனும் தம்பியும் சேர்ந்து கதவையே கழற்றி வேறொன்றை மாட்டிவிடுகிறார்கள். மாட்டிய கதவில் தாழ்ப்பாள் இல்லை. பணம் கொடுத்தும் வராத நெருக்கம் இந்தக் களவுக்குப் பிறகு வந்துவிடுகிறது. இது பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும் காட்சி என்பது அன்பரின் வாதம். பொய் வெளிப்பட்டு இருவரும் தண்டனை பெறுவதையும், திறமை நிகழ்ச்சியில் வாசிக்கும் வாய்ப்பை ரோட்ரிக் இழப்பதையும், கிரெக் தனக்குக் கூச்சமான மேடையில் தான் ஏறுவதாகத் தாயிடம் ஒப்புக்கொண்டு அண்ணனுக்கு அந்த வாய்ப்பை மீட்டுத் தருவதையும் அவர் தம் கடிதத்தில் ஏன் விட்டுவிட்டார்? இறுதிக் காட்சிவரை பார்த்த ஒருவர் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இனி, இந்தப் போட்டி நமக்கு அந்நியம் என்பதைப் பற்றி. அதுவும் மதுரையிலிருந்து இப்படியொரு வாதம்! தங்கையின் திருமணத்துக்குப் புறப்பட்டு வந்த அழகர், தாம் வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேட்டுக் கோபித்துக்கொண்டு, ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொல்லும் கதையைக் கேட்டுத்தானே இந்த ஊர்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள்? பழநிக் கதையோ சூசனின் திட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஒரே கனியைக் கையில் வைத்துக்கொண்டு, உலகை முதலில் சுற்றி வருபவருக்கு என்று பந்தயம் கட்டியவர்கள் பெற்றோர். கோபித்துக்கொண்டு மலையேறியது இளைய பிள்ளை.

பள்ளியில் நாள்தோறும் கண்டதையும் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள் அண்ணனுக்குக் கிடைத்துவிட்டால், ஏழாம் வகுப்புத் தம்பி அதன் கேரியரில் தொற்றிக்கொண்டு வருவான். ஆனால் பள்ளி வாசல்வரை வரமாட்டான். அண்ணனின் நண்பர்கள் நிற்கும் டீக்கடைக்கு ஒரு தெரு முன்பாகவே இறக்கிவிடப்பட்டு, புத்தகப் பையோடு நடந்து வந்து சேருவான். அதற்காக அவன் அண்ணன்மீது கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வந்த தந்தை, மற்றப் பெற்றோர் வரிசையில் நிற்கும்போதே, ‘உங்க அண்ணன் இந்த வயசுல கணக்குல எவ்வளவு எடுத்தான் தெரியுமா?’ என்று கேட்ட அன்றுதான் அவன் முகம் மாறும். புதிதாகச் சேர்ந்த பிள்ளையை வருகைப் பதிவின்போது ‘நீ அவன் தம்பிதானே?’ என்று கேட்டுப் பெயரைக் கேட்க மறந்துவிடும் ஆசிரியர்களும் உண்டு. சண்டைக்கு வித்து இத்தகைய இடங்களில் விழுகிறதே தவிர, விடுமுறையில் ஒன்றரை மணி நேரம் ஓடும் ஒரு படத்தில் அன்று.

படத்தின் உண்மையான குறை வேறு. கிரெக்கும் அவன் நண்பர்களும் சேர்ந்து, சிராக் குப்தா என்ற வகுப்புத் தோழன் அங்கே இல்லவே இல்லை என்பது போல நடிக்கிறார்கள். அவன் கத்தினாலும் காதில் விழாதது போல இருக்கிறார்கள். திரையரங்கில் சிரிப்பை எழுப்புவதற்காக அமைத்த காட்சி அது. காய் விட்டு ஒருவனைத் தனியே நிறுத்துவது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் அடியைவிடப் பெரிய தண்டனை என்பதை அந்த வகுப்புகளில் பாடம் நடத்திய எவரும் அறிவர். அடிபட்ட பிள்ளை வந்து முறையிடும். காய் விடப்பட்ட பிள்ளை வயிற்று வலி என்று சொல்லி விடுப்பு எடுக்கும். அண்ணன் தம்பி சண்டைக்கு இறுதியில் சமாதானம் தேடித்தரும் படம், சிராக்குக்கு இழைத்த கொடுமையை வெறும் வேடிக்கையாகவே விட்டுவிடுகிறது. அவன் இந்தியப் பெயர் தாங்கியவன் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் உறைக்கக்கூடும். கண்டனக் கடிதம் எழுதத் தகுந்த இடம் அதுவே.

ஆகவே பட்டியலிலிருந்து இப்படத்தை நீக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பட்டியல் வெளியிடும்போது படத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது, எந்தக் காட்சியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டியிருக்கும் என இரண்டு வரி சேர்த்தால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும். இந்தப் படத்துக்கு மட்டும், பெற்றோரும் உடன் அமர்ந்து முழுவதும் பார்க்கவும் என்று ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்க்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியை,
திருநகர், மதுரை.