நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: ஜெனரேட்டர் அறையில் கிடக்கும் மூட்டைகள் குறித்து

நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிப்பிற்குரிய நூலகக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஆகஸ்ட் மாதச் சுற்றறிக்கையை எழுதியவர்கள் நீங்களே என்பதால், அதில் என்ன இருந்தது என்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "நூலகத்தின் தரத்தை உயர்த்தும் பொருட்டு" கீழ்த்தளப் படிப்பறையிலிருந்த மாத நாவல்களும் குடும்ப நாவல்களும் அகற்றப்பட்டன. ஒரு பங்கு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. மீதி, கோணிகளில் கட்டப்பட்டு, ஜெனரேட்டர் அறையில் டீசல் கேன்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சங்கத்தின் வரவு செலவுக் கணக்கில் "பழைய காகிதம் விற்ற வகையில்" என்று ஒரு வரி ஏறியிருப்பதையும் பார்த்தேன். கணக்கு நேர்மையாக இருக்கிறது. அதற்கு என் பாராட்டுகள்.

என் கோரிக்கை ஒன்றுதான். கடைசிப் பத்தி வரை படிக்க உங்களுக்கு நேரமிருக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மூட்டைகளைப் பிரித்து, புத்தகங்களை இருந்த அலமாரியிலேயே திரும்ப வையுங்கள்.

இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்டார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. பகலில் ஆயா வருகிறார். இரவு முழுக்க இந்த அம்மா ஒருவர்தான். அலாரம் வைத்துக்கொண்டு தூங்கிப் பார்த்திருக்கிறார். அந்தச் சத்தம் இவருக்கு முன்னால் நோயாளியை எழுப்பிவிடுகிறது. தொலைக்காட்சியைப் போட்டாலும் அதே கதைதான். கைபேசியைப் பார்த்தால், கண்புரை அறுவை செய்த கண்ணில் நீர் வடிகிறது.

அவருக்குக் கைகொடுத்தவை மாத நாவல்கள். கனம் கிடையாது, ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையைக் கணவரின் தோளில் வைத்திருக்கலாம். கதை ஓட்டமாக ஓடுவதால் கண் சொக்காது. பாதியில் மூடிவிட்டு எழுந்து போய், அவரைப் புரட்டிப் போட்டு, துணி மாற்றி, தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்தில் கதை காத்துக்கொண்டிருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்று பின்னால் புரட்டித் தேட வேண்டியதில்லை. விடிவதற்குள் முடிந்தும்விடும். "ராத்திரிக்கு ஒரு கொலை போதும் எனக்கு" என்று அவர் சிரித்துக்கொண்டே புத்தகம் மாற்றிப்போன காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அலமாரி காலியாகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர் உங்களில் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். அந்த உறுப்பினர் எண்ணூறு பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "இதைப் படித்துப் பாருங்கள் அம்மா, ரசனை உயரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நல்ல நாவல்தான், நானும் படித்து வியந்த நாவல். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, முதுகு விண்விண் என்று தெறிக்க உட்கார்ந்திருக்கும் ஒருவர் கையில் கொடுக்க வேண்டிய நாவலா அது? அந்த அம்மா கோபப்படவில்லை. ரசனை குறைந்தவள் என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகு, எனக்கு இது வேண்டாம், அதுதான் வேண்டும் என்று கேட்க அவருக்குக் கூச்சமாகிவிட்டது. எனக்குக் கூச்சமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 12ஆம் தேதி நூலகர் தினம் என்று படிப்பறையில் எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டு, எல்லோருக்கும் கேசரி கொடுத்தீர்கள். சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர் அவர். நூலகத் துறைக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் இதே சென்னையில்தான் நூலாக வெளிவந்தன. அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகருடைய ரசனையை நூலகக் குழு திருத்த வேண்டும் என்று ஆறாவது விதி ஒன்றை அவர் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. போட்ட மாலை காய்வதற்குள் மூட்டை கட்டிவிட்டீர்கள்.

எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தையும் பாருங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும். இது உயர்ந்ததா, மட்டமானதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. தேசத்துக்கே நூல் சேர்க்கும் இடம் கேட்காத கேள்வியை, நாற்பது வீடுகளுக்கு நூல் சேர்க்கும் இடம் கேட்கிறது.

அதையும் எல்லோரிடமும் கேட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். படிப்பறையின் கிழக்குச் சுவர் அலமாரியில் அகதா கிறிஸ்டியும் ஜேம்ஸ் ஹாட்லி சேஸும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சேஸ் நாவல்களின் பழைய அட்டைகளைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று செய்தித்தாள் சுற்றி வைத்துப் படித்த தலைமுறைதான் இன்று குழுவில் இருக்கிறது. அவருடைய துப்பாக்கி ஆங்கிலத்தில் வெடிக்கிறது, ஆகவே அவர் இருக்கலாம். ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் அதே வேலையைத் தமிழில் செய்தார்கள், ஆகவே கோணி. காதல் கதைகளுக்கும் இதே நீதிதான். ரமணிசந்திரன் மூட்டைக்குள் போக, வெளிநாட்டுக் காதல் நாவல்கள் ஒரு தட்டு நிறைய அப்படியே இருக்கின்றன. அவற்றையும் எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவற்றைப் படிப்பவர்களும் நன்றாக இருக்கட்டும்.

இந்த நாவல்கள் எல்லாம் அருமையானவை என்று வாதாட நான் வரவில்லை. திருவல்லிக்கேணி அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தியே பிழைத்தவன் நான். அவற்றின் உள்ளும் புறமும் தெரியும். பதினாறு பக்கம் ஒரு பாரம். ஆறு பாரம் என்று முடிவாகிவிட்டால் தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குள் கொலைகாரன் பிடிபட்டே ஆக வேண்டும். ஐந்தாம் பாரம் வரை சாவகாசமாக நடந்த கதை, ஆறாவதில் தலைதெறிக்க ஓடும். அதுவரை பேச்சே இல்லாத இரட்டைச் சகோதரன் திடீரென்று துபாயிலிருந்து வந்து இறங்குவான். சாணித்தாளில் அச்சாகி, மாதம் பிறக்கும்போது பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கியாக வேண்டும் என்ற அவசரத்தில் செய்யப்பட்ட வேலை அது. ஆனாலும் அந்தக் கயிற்றிலிருந்து உருவி வாங்கியவர்கள் யார் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இரவுப் பணிக்குப் போகும் காவலர்கள். திருச்சி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். தி.நகர் ஜவுளிக் கடைகளில் நாளெல்லாம் நின்றுவிட்டு விடுதிக்குத் திரும்பும் பெண்கள். அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொல்லவே 2021இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அவர்களிடம் போய், உட்கார்ந்ததும் கையில் எடுக்க வேண்டிய நூல்களின் பட்டியலை நீட்டும் துணிச்சல் எனக்கில்லை.

குப்பை என்ற தீர்ப்புக்கும் இந்த ஊரில் ஒரு பழைய வரலாறு உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் துப்பறியும் கதைகளைச் சுடச்சுட எழுதித் தள்ளினார்கள். ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸைத் தழுவியவை, வீட்டுப் பெண்களைக் கெடுப்பவை என்றெல்லாம் அவற்றுக்கு அன்று வசவு விழுந்தது. இன்று அவற்றின் பிரதி வேண்டும் ஆய்வாளர்கள் தரமணிக்குப் போய் ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டு வாங்கிக் குறிப்பெடுக்கிறார்கள். கோட்டையூரில் இருந்த அந்த முத்தையா நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும்கூடக் கிழித்துப் போடாமல் சேர்த்து வைத்தார். நல்லவேளை, அவருக்கு ஒரு நூலகக் குழு இருக்கவில்லை.

நீங்கள் கண்ணாடிக் கதவுக்குள் பொன் எழுத்து தெரிய நிற்க வைத்திருக்கும் 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களும் 1950இல் தொடங்கி வாரா வாரம் ஒரு பத்திரிகையில் தொடர்கதையாக வந்தவைதான். தொடர்கதை எழுதுகிறவரை இலக்கியக்காரர்கள் சிலர் அப்போது எழுத்தாளராகவே மதிக்கவில்லை. இசையில் நடந்தது இதைவிட வேடிக்கை. இந்தச் சென்னையின் சபாக்களிலேயே தமிழ்ப் பாட்டு என்றால் கச்சேரி முடியும் நேரத்தில் போனால் போகிறதென்று பாடும் துக்கடா என்றிருந்த காலம் உண்டு; அதைக் கேள்வி கேட்கத் தனி இயக்கமே கிளம்பி, 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்ற வேண்டியிருந்தது. எது மேலானது என்று அன்று தீர்ப்புச் சொன்னவர்களும் படித்தவர்கள், பண்பானவர்கள், நம் குழுவினரைப் போலவே நல்ல நோக்கமுள்ளவர்கள்.

நல்ல நோக்கம் என்றதும் பொங்கல் விழா நினைவுக்கு வருகிறது. மெல்லிசைக் குழுவைக் கூப்பிட வேண்டாம், திரைப்பாட்டு நம் வளாகத்துக்குப் பொருந்தாது என்று முடிவு செய்தீர்கள். புல்லாங்குழல் கச்சேரி வைத்தீர்கள். அருமையான வாசிப்பு. முன்வரிசையில் இருந்த நீங்கள் திரும்பிப் பார்த்திருந்தால், பின்னால் இருந்தவை வெறும் நாற்காலிகள் என்று தெரிந்திருக்கும். மாலையில் வாசல் அறையில் காவலர் தொடர் பார்ப்பது வளாகத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறது என்று தொலைக்காட்சிப் பெட்டியைக் கழற்றியதும் இதே வருடம்தான். அதே தொடர் உங்களில் மூன்று வீடுகளில் ஓடுவது மாடிப்படி ஏறும் எல்லோருக்கும் கேட்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தால் பொழுதுபோக்கு, கதவில்லாத அறையில் பார்த்தால் மட்டமான ரசனை என்று சுற்றறிக்கையில் தெளிவாகவே போட்டுவிடலாம். காவலரும் அடுத்த முறை கதவுள்ள வேலையாகப் பார்த்துச் சேருவார்.

மன்னிக்கவும், மூட்டைகளைப் பற்றி எழுத உட்கார்ந்து வாசல் வரை போய்விட்டேன்.

தரத்துக்கு உங்களிடம் உள்ள அளவுகோல் எது என்று எனக்குத் தெரியாது. பயன்பாட்டுக்கு ஓர் அளவுகோல் உங்கள் மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது: கடன் பதிவேடு. அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்த நூல்கள் போய்ப் போய்த் திரும்பி வந்தன, எவற்றின் பின்னட்டைச் சீட்டில் ஒரு தேதி முத்திரைகூட விழவில்லை என்று பார்த்துவிட்டு, பிறகு கூட்டம் போட்டுப் பேசலாம். அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ள எல்லா வீடுகளும் மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டுகின்றன. நூலகத்துக்கான பங்கு அதிலிருந்துதான் வருகிறது. இரண்டாம் மாடி அம்மாவும் கட்டுகிறார். ரசனைக்காக அவருக்குத் தள்ளுபடி எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நூலகத்துக்கு நல்ல இலக்கியம் வாங்க வேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கு நான் எதிரியல்ல. வாங்குங்கள்; முதல் ஆளாக வந்து எடுத்துப் படிப்பேன். புத்தகக் கண்காட்சிக்குப் பட்டியல் போட உதவி வேண்டுமென்றாலும் வருகிறேன். அதற்கு இடம் பண்ணத்தான் இவை வெளியே போயின என்ற விளக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காலியான மூன்று தட்டுகளிலும் இப்போது இருப்பவை ஒரு பூச்சாடி, போன வருடம் வாங்கிய கேடயம், குழுவின் குழுப் புகைப்படம்.

காலம் அதிகமில்லை. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். 2015 டிசம்பரில் ஜெனரேட்டர் அறையில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதற்குச் சுவரில் இன்னும் கறை இருக்கிறது. மூட்டைகள் அந்தக் கறைக்குக் கீழேதான் கிடக்கின்றன. சாணித்தாள் நனைந்தால் காயவைத்துப் பயனில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு பழைய பேப்பர் கடைக்காரரும் வாங்கமாட்டார்.

ஆகவே மறுபடியும், பணிவாகவே கேட்டுக்கொள்கிறேன். மூட்டைகளைப் பிரித்து, புத்தகங்களை அலமாரியில் திரும்ப வையுங்கள். விருந்தினர்கள் பார்த்தால் சங்கடம் என்று தோன்றினால் கதவுள்ள பீரோவில் வையுங்கள். சாவி காவலரிடம் இருக்கட்டும், வேண்டியவர்கள் வாங்கித் திறந்துகொள்வார்கள். இனி எதையும் எடைக்குப் போடும் முன் படிப்பறைப் பலகையில் ஒரு வாரம் அறிவிப்பு ஒட்டுங்கள்.

உங்களுக்கு வேலை எதுவும் வைக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஜெனரேட்டர் அறைச் சாவியைக் கொடுத்தால் போதும். நானும் மூன்றாம் மாடித் தம்பிகள் இருவரும் மூட்டைகளைத் தூக்கிவந்து, தூசி தட்டி, அடுக்கிவிடுகிறோம். ஏற்றுக்கூலி சங்கத்துக்கு ஆகாது. பூச்சாடியை எங்கே வைப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் ஒரு வரி பதில் வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
முதல் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
மேற்கு மாம்பலம், சென்னை