மகாமண்டப உத்திரங்கள்: திருப்பணி நிறைவு அறிக்கை

சபை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மகாமண்டபத்தில் விரிசல் கண்ட மூன்று கருங்கல் உத்திரங்களையும் எபாக்சி (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) செலுத்தி ஒட்டி, எஃகுக் கம்பி கோத்து, முட்டுகளை எடுத்தாயிற்று. ரூபாய்க் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. இந்த அறிக்கை கிராம் கணக்கு. கல்லுக்குள் போன பசையை இனி யாரும் திறந்து பார்க்க முடியாது. அது எப்படி அளக்கப்பட்டது, எப்படிக் கலக்கப்பட்டது என்ற பதிவுதான் அடுத்து வரும் குழுவின் கைக்குப் போய்ச் சேரும்.

மூலவர் பீடத்தில் எபாக்சி ஒரு சொட்டும் படவில்லை. அங்கே கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் சேர்த்து இடித்த அஷ்டபந்தனம்தான். அது தளர்ந்தால் அடுத்த கும்பாபிஷேகத்தில் எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்தலாம். எபாக்சியில் அந்த வசதி கிடையாது. தவறாகக் கலந்தது கல்லின் ஆழத்தில் இறங்கிவிட்டால், அதை எடுக்கக் கல்லையே உடைக்க வேண்டும். அளவில் இவ்வளவு கறார் காட்டியதற்குக் காரணம் இதுதான்.

முதலில் தேவை எவ்வளவு என்ற கணக்கு. உத்திரத்தின் குறுக்குவெட்டு 40 செ.மீ.க்கு 45 செ.மீ. விரிசல் சராசரி 2 மி.மீ. ஆக, ஓர் உத்திரத்தின் விரிசலை நிரப்ப 360 மில்லி, எடையில் சுமார் 400 கிராம். கம்பி 12 மி.மீ., துளை 16 மி.மீ., நீளம் 60 செ.மீ.; கம்பியைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு 53 மில்லி, சுமார் 58 கிராம். உத்திரத்துக்கு 4 கம்பி வீதம் 12 கம்பிகள். எல்லாம் கூட்டினால் 1.9 கிலோ. பாத்திரத்திலும் குழாயிலும் ஒட்டி வீணாவதையும் சேர்த்து 2.4 கிலோவை 16 கலவைகளாகக் கலந்தோம். ஒவ்வொன்றும் 150 கிராம்: ரெசின் 100, ஹார்டனர் 50. மேற்பூச்சுப் பட்டிக்கு (கல் மாவு சேர்த்த பசை) கலந்தது இதில் சேராது.

கம்பி துருப்பிடிக்காத எஃகு, 316 ரகம். சாதாரண இரும்பு துருப்பிடித்து ஊதினால் கல்லைப் பிளக்கும். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இட்ட இரும்புப் பிணைப்புகள் சலவைக்கல்லைப் பிளந்ததால், பின்னாளில் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் இட நேர்ந்தது.

இனி விகிதம். நாம் வாங்கிய சரக்கின் டப்பாவில் 100-க்கு 50 என்று இருந்தது. அது எடை விகிதம். இதை ‘இரண்டுக்கு ஒன்று’ என்று படித்து டம்ளரால் அளப்பதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. ரெசின் கனம், ஒரு மில்லி 1.15 கிராம். ஹார்டனர் லேசு, ஒரு மில்லி 0.96 கிராம். 200 மில்லி ரெசின் என்றால் 230 கிராம். அதற்கு 115 கிராம் ஹார்டனர் வேண்டும். டம்ளரில் 100 மில்லி ஊற்றினால் கிடைப்பது 96 கிராம்தான். ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. சில நிறுவனங்கள் கன அளவு விகிதத்தைத் தனியாக அச்சிடுகின்றன. எது எந்த விகிதம் என்று படித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

‘இரண்டு சொட்டு கூட விட்டால் சீக்கிரம் இறுகும்’ என்ற பேச்சு சாரத்தின் மேல் அடிக்கடி எழுந்தது. ஃபைபர் கிளாஸ் வேலை செய்து பழகியவர்களின் பழக்கம் அது. அங்கே பாலியெஸ்டர் ரெசினுக்கு விடும் திரவம் வினையைத் தூண்டிவிடுகிறது. ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எபாக்சியில் ஹார்டனர் என்பது தூண்டிவிடும் மருந்து அல்ல. அதுவே பொருளில் ஒரு பகுதி. ரெசினின் ஒவ்வொரு கைக்கும் ஹார்டனரில் ஒரு கை இருந்தால்தான் இரண்டும் கோத்துக்கொள்ளும். எது மிஞ்சினாலும் அது கோக்கப்படாமல் உள்ளேயே தங்கி, ஒட்டை மெத்தென்று ஆக்கிவிடும். வேகம் வேண்டுமானால் அதற்கென்று வேறு ஹார்டனர் வாங்க வேண்டும்.

நாங்கள் வேண்டுமென்றே மெதுவாக இறுகும் வகையை எடுத்தோம். 2006 ஜூலை 10 அன்று பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரையின் கான்கிரீட் பலகைகள் விழுந்து, காரில் சென்ற பெண்மணி இறந்தார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகளுக்கு வேகமாக இறுகும் எபாக்சியை இட்டிருந்தார்கள். ஓயாத பாரத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து போல்ட்டுகளை விட்டுவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. தலைக்கு மேல் தொங்கும் பாரத்தை எபாக்சியை மட்டும் நம்பி விடக்கூடாது. நம் உத்திரங்கள் இரு முனையிலும் தூண் தலையிலுள்ள போதிகைக் கல் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. விரிசலுக்குக் குறுக்கே கம்பி நிற்கிறது. எபாக்சி இவற்றைப் பிணைக்கிறது.

அளந்த விதம்: 0.1 கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு. தினமும் காலையில் 100 கிராம் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தோம். காற்று பட்டால் எண் ஆடும், ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எடை. ரெசின் டின்னின் அடிவரை கிளறிய பிறகே ஊற்றினோம். காலிப் பாத்திரத்தை வைத்து ஜீரோ செய்து ரெசின் 100. மறுபடி ஜீரோ செய்து, அதே பாத்திரத்தில் ஹார்டனர் 50. தனித்தனி டம்ளரில் எடை போட்டு ஒன்றில் ஒன்றைக் கவிழ்ப்பது கூடாது. தேன் போன்ற ரெசின் டம்ளர் சுவரில் நாலைந்து கிராம் தங்கிவிடும். 150 கிராமுக்குக் குறைவாகவும் கலக்கவில்லை: 10 கிராம் ஹார்டனரில் ஒரு கிராம் பிசகினால் அது பத்து சதவீதம், 50 கிராமில் இரண்டே சதவீதம். கரண்டிகள் தனித்தனி, டின் மூடி உடனுக்குடன்.

கலக்குவது தட்டைக் குச்சியால், கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம். ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் சுவரையும் அடி மூலையையும் வழிக்க வேண்டும். பிறகு வேறொரு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். முதல் பாத்திரத்தின் மூலையில் கலவாமல் ஒளிந்திருப்பதை இந்த மாற்றுப் பாத்திரம் காட்டிக்கொடுக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் சர்க்கரைப் பாகில் எண்ணெய் இழைவது போல ஒரு நூல் தெரியும். அந்த நூல் மறையும் வரை கலவை தயாராகவில்லை.

இரண்டாம் உத்திரத்தின் மேற்பூச்சில் இதைத்தான் தவறவிட்டோம். மறுநாள் நகத்தை வைத்து அழுத்தினால் மூன்று இடங்களில் பிசுபிசுப்பு. மற்ற இடமெல்லாம் கல்லாக இறுகியிருந்தது. திட்டுத்திட்டாகப் பிசுபிசுத்தால் கலக்கியதில் குறை, முழுவதும் ஒரே சீராக மெத்தென்று இருந்தால் அளந்ததில் குறை என்று இனங்காணலாம். இதற்கு மேலே ஹார்டனர் தடவிப் பயனில்லை. சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, புதிதாகப் பூசினோம். கல் மாவு சேர்ந்த பட்டி அது. ரெசினும் ஹார்டனரும் முழுதாகக் கலந்த பின்புதான் மாவைக் கொட்ட வேண்டும். முன்னரே கொட்டினால் நூல் கண்ணுக்குத் தெரியாது. மாவின் எடை விகிதத்தில் சேராது.

வெயிலும் ஒரு கணக்கு. 25 டிகிரியில் 40 நிமிடம் தாங்கும் கலவை, 35 டிகிரியில் 20 நிமிடம்தான் தாங்கும். அதனால் வேலை காலை 6 முதல் 9 வரை. கலந்ததும் அகலத் தட்டில் பரப்பிவிட வேண்டும். டம்ளரில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே வெந்து புகையும். ஒருநாள் மீந்த கலவை அப்படித்தான் பிளாஸ்டிக் டம்ளரை நெளித்துவிட்டது. கெட்டியாகிறதே என்று தின்னர் விட்டு இளக்குவது பெரும் பிழை. தின்னர் உள்ளே அடைபட்டு ஒட்டைப் பலவீனமாக்கும். கையில் பட்டதைத் துடைக்கவும் தின்னர், அசிட்டோன் கூடாது, சோப்பு போதும். நைட்ரைல் கையுறை இல்லாமல் ஒருவரையும் தொடவிடவில்லை. தோல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால் அந்த ஆள் பிறகு இந்த வேலையே செய்ய முடியாமல் போகலாம்.

செலுத்தும்போது விரிசலின் வெளிவாயைப் பட்டியால் அடைத்து, 20 செ.மீ.க்கு ஒரு சிறு குழாய் வைத்து, அடிக்குழாயிலிருந்து மேல்நோக்கி ஏற்றினோம். மேல்குழாயில் பசை எட்டிப் பார்த்த பிறகே கீழ்க்குழாயை மூடுவது. ஏழு நாள் கழித்து, சுத்தியல் அடி இல்லாமல் வைர பிட்டால் துளை. தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, கல் ஈரம் காய்ந்த பின் அடியிலிருந்து பசை நிரப்பி, கம்பியைத் திருகியபடி இறக்கினோம். வெளியே தெரியும் வாய்களைக் கல் மாவும் சுண்ணாம்பும் கொண்டு மூடியிருக்கிறோம். வெயில் பட்டால் எபாக்சி மஞ்சளித்து மாவு உதிர்க்கும்.

16 கலவைகளிலும் மீதியை எண்ணிட்டு இறுகவிட்டு, எடைப் பதிவேட்டுடன் அலுவலக மரப்பெட்டியில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் இரண்டு மெல்லிய கண்ணாடித் துண்டுகள், தேதி எழுதி ஒட்டப்பட்டுள்ளன. மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கவும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் முட்டுகள் மடைப்பள்ளிக்குப் பின்னால் இருக்கின்றன. முதலில் அவற்றை உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்தபதியை அழைக்கவும்.

திருப்பணிக் குழு