கமராவுக்கு முன் பட்டியல் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளூர் வரலாற்று ஆவணங்களை நூலகங்கள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று தங்கள் இதழில் அண்மையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் இந்த வேலையை எங்கிருந்து தொடங்குவது, யார் யாரோடு சேர்ந்து செய்வது என்பதைப் பேசாமல் விட்டால் அது நல்லெண்ணத்தோடு நின்றுபோகும். இந்த நகரின் அச்சகங்களில் பல ஆண்டுகள் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

திருகோணமலை வரலாறு என்றதும் பெரிய சான்றுகள்தாம் நினைவுக்கு வரும். பிரெட்றிக் கோட்டை வாசலில் இணைக்கயல் சின்னத்தோடு நிற்கும் தமிழ்க் கல்வெட்டை அறிஞர்கள் பலமுறை படியெடுத்து வாசித்து விவாதித்துவிட்டார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களுக்கு அதைவிடக் காவல் அதிகம். கொழும்பில் இருக்கும் பகுதியையும் சேர்த்து அவற்றை யுனெஸ்கோ 2003 இல் தனது உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெறச் செய்தது. 1786 இல் வான் சென்டன் என்ற ஒல்லாந்த அதிகாரி தம்பலகாமம், கொட்டியாரம் என்று சுற்றிவந்து எழுதிய நாட்குறிப்பை இன்று ஆங்கிலத்தில் வாசிக்கலாம். அந்நியர் நம்மைப் பற்றி எழுதியவை பத்திரமாக இருக்கின்றன. நாமே நம்மைப் பற்றி அச்சடித்த சிறு பிரசுரங்கள் எங்கே என்று கேட்டால் கைவிரிக்க வேண்டியிருக்கிறது.

கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை மலர்கள், விளையாட்டுக் கழக மலர்கள், இறந்தவர்களுக்கான முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள், தேர்தல் துண்டுப் பிரசுரங்கள் ஆகியவற்றைத்தான் சொல்கிறேன். சில நூறு பிரதிகள் அடிப்போம். விழா முடிந்ததும் அவை வீடுகளுக்குப் போய்விடும். நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவைக்கும் எண்ணம் அநேகமாக யாருக்கும் வந்ததில்லை.

அப்படியொரு பழைய மலரை எடுத்து மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். நடுவில் குத்திய கம்பி துருப்பிடித்து, இரண்டு பக்கமும் பழுப்புக் கறை இறங்கியிருக்கும். ஆசிச் செய்திகளைத் தாண்டினால் உபயகாரர் பட்டியல் வரும். பெயர், ஊர், கொடுத்த தொகை. சிலர் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்த நெல் மூட்டை, கருங்கல், தச்சு வேலை. பின்பக்கங்களில் கடை விளம்பரங்கள். எந்தத் தெருவில் எந்தப் புடைவைக் கடை இருந்தது, மூதூருக்குச் சாமான் ஏற்றிய லொறி யாருடையது, அம்மன் கோயில் மலருக்கு முழுப்பக்க விளம்பரம் தந்த முஸ்லிம் வர்த்தகர் யார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர். அந்த அச்சகங்களில் பல இப்போது இல்லை.

நினைவு மலர்களைத் துக்க வீட்டுப் பிரசுரங்கள் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. தேவாரத்துக்கும் நன்றி நவிலலுக்கும் நடுவே மூன்று நான்கு தலைமுறை வம்சாவளி இருக்கும். தகப்பனார் கடற்படையின் டொக்யார்ட்டில் வேலைக்குச் சேர்ந்தது, 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியது, 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபின் பிழைப்புத் தேடியது என்று ஒரு சாதாரணக் குடும்பத்தின் பாடு அதில் பதிந்திருக்கும். கடற்படையின் வரலாற்றை எழுத இலண்டனில் கோப்புகள் இருக்கின்றன. அந்தத் துறைமுகத்தில் உழைத்தவர்களின் வரலாற்றுக்கு இந்த மெல்லிய புத்தகங்களே கோப்புகள்.

இழப்பு நமக்குப் புதிதல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்ததை உலகம் அறியும். வீடுகளில் எரிந்ததையும் நனைந்ததையும் யாரும் எண்ணவில்லை. 2004 ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களின் அலுமாரிகளை அள்ளிக்கொண்டு போனது. 2006 இல் போரினால் சம்பூர்க் கிராமத்தை விட்டு வெளியேறியவர்களில் பலருக்கு 2015 க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்ப முடிந்தது. காணி உறுதியையே காப்பாற்ற முடியாதவர்கள் கோயில் மலரையா எடுத்துச் சென்றிருப்பார்கள்? அமைதியான காலத்திலும் கடற்காற்றின் ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் ஓய்வதில்லை. மலிவுக் காகிதம் தனக்குள்ளிருக்கும் அமிலத்தாலேயே பொடிந்துபோகும்.

இது செய்ய முடியாத காரியமும் அல்ல. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் பல்லாயிரக்கணக்கான ஈழத்துப் பிரசுரங்களை எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்திருக்கிறது. அதற்குப் பின்னாலிருக்கும் தன்னார்வலர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. தமிழ்நாட்டின் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்து வைத்தவை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994 இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. நம் ஊருக்கும் இதில் ஒரு பழைய உறவு உண்டு. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை 1895 இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையில் பிறந்தவர்; சென்னையில் சுவடி நூலகத்தில் பணியாற்றியவர். அவர் பிறந்த மண்ணில், ஒரு நூலகத்திடம் என்ன இருக்கிறது என்பது பக்கத்து நூலகத்துக்குத் தெரியாமல் இருக்கலாமா?

ஆகவே எனது வேண்டுகோள் இதுதான்: கமரா வாங்குவதற்கு முன்பு பட்டியல் போடுங்கள். நகரப் பொது நூலகம், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், வெருகல், கந்தளாய்ப் பகுதிகளின் உள்ளூராட்சி நூலகங்கள், பழைய பாடசாலைகளின் நூலகங்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக நூலகம் எல்லாம் தத்தம் உள்ளூர்ச் சேகரிப்பை ஒரே படிவத்தில் எழுதட்டும். தலைப்பு, வெளியிட்டோர், ஆண்டு, அச்சகம், மொழி, பக்கங்கள், தாளின் நிலை, இருக்குமிடம் ஆகியவை போதும். பட்டியல் இல்லாமல் தொடங்கினால் எளிதில் கிடைக்கும் ஒரே மலரை மூன்று நூலகங்கள் படமெடுக்கும். எங்கோ ஒற்றைப் பிரதியாகக் கிடப்பது எவர் கண்ணிலும் படாது. இந்த நூலகங்கள் வெவ்வேறு நிர்வாகங்களுக்குக் கீழே இருப்பது உண்மை. ஆனால் மாகாண சபையின் தலைமையகமே இந்த நகரில் இருக்கும்போது, சம்பந்தப்பட்டவர்களை ஒரு மேசையில் உட்காரவைப்பது அவ்வளவு கடினமாக இருக்க முடியாது.

கருவியோ ஒரு தொகுதி போதும். மேலிருந்து கீழ்நோக்கிப் படமெடுக்கும் கமராத் தாங்கி, இரு பக்கமும் சரிவாக ஒளி விழ இரண்டு விளக்குகள், தாளை மெல்ல அமுக்க ஒரு கண்ணாடி, ஒரு மடிக்கணினி. இவற்றை வான் வண்டியில் ஏற்றி ஊருக்கு ஊர் கொண்டுபோகலாம். வீட்டு வாசலுக்கே கொண்டுபோக வேண்டும் என்பேன். ஆய்வுக்கென்று வாங்கிப்போன ஏடும் படமும் திரும்பி வரவே இல்லை என்ற முறைப்பாட்டைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதனாலேயே மக்கள் கொடுக்கத் தயங்குகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூலம் உரியவரிடமே இருக்கட்டும், படம் எல்லோருக்கும் கிடைக்கட்டும். தைத்த மலரை வெட்டிப் பிரித்து இயந்திரத்துக்குள் செலுத்துவதையும், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதையும் அடியோடு தடுக்க வேண்டும். அந்தப் பசை சில ஆண்டுகளில் மஞ்சளித்து எழுத்தையும் கெடுத்துவிடும். எடுத்த படங்களை மூன்று இடங்களிலாவது வைக்க வேண்டும், அவற்றில் ஒன்று மாவட்டத்துக்கு வெளியே. 2004 டிசம்பரைக் கண்ட ஊர் எல்லா வன்தட்டுகளையும் ஒரே கட்டடத்தில் வைக்கக் கூடாது.

படத்தோடு வேலை முடிந்துவிடாது. பழைய அச்சில் ணை, னை, லை, ளை போன்றவை வேறு வடிவில் இருக்கும். தேய்ந்த ஈய எழுத்தில் புள்ளி விழாமல் போயிருக்கும். படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. அவுஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய பத்திரிகைகளின் வரிகளைப் பொதுமக்களே வீட்டிலிருந்து திருத்திக் கொடுக்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நம் பிள்ளைகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இதைச் சிறப்பாகச் செய்வார்கள். பேரனும் பாட்டனும் ஒரு திரையின் முன்னே உட்கார்ந்து பழைய உபயகாரர் பட்டியலைச் சரிபார்ப்பதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் பெரிய தடையன்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாக ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நிற்கும். அந்தக் காலம் இன்னும் முடியாதவற்றுக்குக் கோயில் பரிபாலன சபையிடமோ, அதிபரிடமோ, குடும்பத்தாரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்கிவிடலாம். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நினைவு மலர்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த நாள், வெளிநாட்டு முகவரி எல்லாம் இருக்கும். போர்க்காலப் படங்களில் இருப்பவர்களுக்கு இன்றும் அச்சம் இருக்கலாம். எதை உடனே எல்லோருக்கும் திறப்பது, எதைப் பாதுகாத்துவைத்துப் பின்னர் திறப்பது என்பதை உரிய குடும்பங்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. இந்த மாவட்டத்தின் வரலாறு தமிழில் மட்டும் இல்லை. கிண்ணியா, மூதூர்ப் பள்ளிவாசல்களின் பதிவுகள், தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பிரசுரங்கள் எல்லாம் அதே பட்டியலில் வரவேண்டும். ஒருவர் சேகரிப்பை மற்றவர் பார்க்க முடிந்தால், பல வாக்குவாதங்களில் குரல் தாழும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆண்டு குறிக்காத பிரசுரம் ஒன்றின் எழுத்துருவையும் அச்சகத்தின் பெயரையும் பார்த்து, அது ஏறத்தாழ எக்காலத்தது என்று சொல்லக்கூடிய அச்சுத் தொழிலாளர் சிலர் இன்னும் இருக்கிறோம். எல்லோரும் முதியவர்கள். நூலகர்கள் எங்களை இந்த ஆண்டே அழைக்க வேண்டும். என்னிடமுள்ள மலர்களைப் படமெடுக்கத் தருகிறேன். படிவம் தயாரானதும் வந்து நிரப்பவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.