எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே

அன்பு மகளுக்கு,

கார் எப்போதாவது மிஸ்ஸிங் அடிக்கிறது (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் உதறுகிறது), மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடிவிடுகிறது, ஆகையால் பெட்ரோலைப் பற்றவைக்கும் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் அவற்றுக்கு மின்சாரம் தரும் நான்கு காயிலையும் நீயே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். பொறு அம்மா. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒன்பது நாள் சத்தமில்லாமல் ஓடிய கார், பத்தாம் நாள் மீண்டும் உதறத் தொடங்கியது. உதறல் எதனால் நின்றது, எதனால் திரும்பி வந்தது என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

விட்டுவிட்டு வரும் கோளாறில் அது வரும் நேரமே பாதி விடை. ஆகவே ஒரு வாரம் காரிலேயே ஒரு நோட்டை வைத்து, எப்போது உதறுகிறது என்று குறித்துக்கொண்டே வா. ஈரமான காலையில் மட்டும் வந்து, இன்ஜின் சூடானதும் மறைந்தால், காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவிலுள்ள ரப்பர் உறை வழியே மின்சாரம் கசிகிறது என்று சந்தேகப்படலாம். மாறாக, நன்றாகச் சூடேறிய பிறகே வந்தால், காயிலுக்குள் இருக்கும் சுருளில் எங்கோ விரிசல் இருக்கலாம். மேட்டில் ஏறும்போது வந்தால், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூடப் பொறி இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும் என்பதால், தேய்ந்த பிளக்கும் தளர்ந்த காயிலும் முதலில் அங்கேதான் தோற்றுப்போகும். நிறுத்திவைத்து ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) மட்டும் உதறினால், வெடித்த வாக்குவம் ஹோஸை, அதாவது இன்ஜினின் உறிஞ்சலைக் கடத்தும் ரப்பர் குழாயைத் தேடு. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே குறைவு என்பதால் சின்னக் கசிவும் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கெடுத்துவிடும்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பிழைக் குறியீட்டைப் படிக்க, விலை குறைந்த ஸ்கேனர் ஒன்று இருந்தால் போதும். பி0300 (P0300) என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று கம்ப்யூட்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று பொருள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். குறியீட்டை அழிப்பதற்கு முன், அது பதிவான நேரத்தின் வேகத்தையும் இன்ஜின் சூட்டையும் ஸ்கேனரில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தாமதிக்காமல் காரை ஓரமாக நிறுத்திவிடு; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும்.

பி0302 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டாவது காயிலை மூன்றிலும் மூன்றாவதை இரண்டிலும் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டு. அடுத்த முறை பி0303 வந்தால் குற்றவாளி அந்தக் காயில்தான். செலவில்லாத சோதனை இது. குறியீடு இரண்டிலேயே நின்றால் மறுநாள் பிளக்கை இதேபோல் இடம் மாற்று. ஒரு நாளைக்கு ஒன்றுதான், அவசரம் கூடாது. இன்ஜின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நீ அதைச் செய்யாதே, ஷாக் அடிக்கும்.

பிளக்கைக் கழற்றியதும் வெளிச்சத்தில் திருப்பிப் பார். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழாமல் இருக்கலாம். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் அந்த வழியே வெளியில் ஓடியிருக்கிறது. அப்போது பிளக்கோடு ரப்பர் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால், இன்ஜின் மேல்மூடியில் கசிவைத் தடுக்கும் வால்வு கவர் கேஸ்கட்டைப் பார். காயிலும் பிளக்கும் சரியென்றால் அடுத்தது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதன் பிறகு சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை. அந்தக் கட்டம் வந்தால் எழுது, சொல்கிறேன்.

என் காரில் கடைசியில் அகப்பட்டது ஒரு காயிலில் வயரை இணைக்கும் கனெக்டர். அதன் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, உள்ளே ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. புதுக் காயிலை மாட்டும்போது நான் அழுத்திச் சொருகியதில் தொடர்பு கிடைத்து ஒன்பது நாள் ஓடியிருக்கிறது; பிறகு அதிர்வில் மெல்லத் தளர்ந்துவிட்டது. எனவே எதையும் கழற்றுவதற்கு முன், இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, ஒவ்வொரு கனெக்டரின் வயரையும் காய்ந்த மரக்குச்சியால் லேசாக அசைத்து, சத்தம் மாறுகிறதா என்று கேள். பின்னலை முடிந்துகொண்டு, பெல்ட்டுக்கு எட்டத்தில் நில்.

நோட்டில் குறித்ததையும் ஸ்கேனரின் குறியீட்டையும் படமெடுத்து அனுப்பு. அதுவரை எந்தச் சாமானும் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா