எப்படி எடுத்த எண்ணெய்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் கஞ்சா ஏற்றுமதி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். டொலர் கணக்கு விவரமாக இருந்தது. ஆனால் விலை போகப்போவதாகக் கட்டுரை சொல்லும் எண்ணெயைப் பற்றி, "நவீன முறையில் பிரித்தெடுக்கப்படும் சுத்தமான எண்ணெய்" என்று ஒரே ஒரு வரிதான். வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. எந்த முறை? எதிலிருந்து சுத்தம்?

கஞ்சாவின் வீரியம் பெண் பூவின் மேல் பனித்துளி போல் ஒட்டியிருக்கும் பிசினில் இருக்கிறது. அது தண்ணீரில் கரையாது. கொழுப்பிலும் மதுசாரத்திலும் கரையும். வகுப்பில் இதை மஞ்சள்தூளை வைத்துக் காட்டுவேன். தண்ணீர்க் குவளையில் மஞ்சள் கலங்கி, கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும். மதுசாரத்தில் போட்டதோ தங்க நிறமாகத் தெளிந்து நிற்கும். நம் வைத்தியர்கள் கஞ்சாவைப் பாலில் அவித்து, நெய்யில் வறுத்து லேகியம் கிண்டியதும் காரணமில்லாமல் அல்ல.

இமயமலைப் பக்கம் பூவை உள்ளங்கையில் தேய்த்துச் சரஸ் என்ற பிசினை எடுக்கிறார்கள். ஐஸ் தண்ணீரில் அலசிச் சல்லடையில் அரிப்பதும், சூடான தட்டுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பிசின் எடுப்பதும் இதே வகைதான். இவற்றில் வெளிக் கரைப்பான் எதுவும் சேர்வதில்லை. ஆனாலும் செடியில் பூஞ்சணமோ பூச்சிமருந்தோ இருந்தால் அதுவும் கூடவே வரும். ஆகவே இதையும் கண்ணை மூடிக்கொண்டு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

மதுசாரம் பழைய வழி. கல்கத்தாவில் மருத்துவர் ஓஷாக்னெசி 1839இலேயே இப்படி எடுத்த சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதியிருக்கிறார். மதுசாரம் இலைப்பச்சையையும் சேர்த்து இழுத்துவிடும், பிறகு அதை நீக்க வேண்டும். காபனீரொட்சைட்டு முறையில் அந்த வாயுவை 31 பாகை செல்சியசுக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோவார்கள். அப்போது அது வாயுவுமில்லை, திரவமுமில்லை என்ற நிலையில் பிசினைக் கரைத்தெடுக்கும். அழுத்தத்தைக் குறைத்ததும் பறந்துவிடும். கோப்பியில் கஃபீன் நீக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. இயந்திரத்தின் விலைதான் பெரிது.

விலை குறைந்தது என்று பலர் போவது, பியூட்டேன் வாயுவைத் திரவமாக்கிப் பிசினைக் கரைத்தெடுக்கும் முறைக்கு. இதைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். 2021 கடைசியில் நம் குசினிகளில் காஸ் அடுப்புகள் வெடித்தபோது, புரொப்பேன் எத்தனை வீதம், பியூட்டேன் எத்தனை வீதம் என்று கொழும்பே பேசியது. அதே பியூட்டேன்தான் இது. காற்றைவிடப் பாரமானது, தரையோடு தரையாகப் பரவி நிற்கும். குளிர்சாதனப் பெட்டி தானாக ஓடத் தொடங்கும்போது எழும் சின்னப் பொறி போதும். அமெரிக்காவில் இப்படி எரிந்த வீடுகள் பல. இதற்கென்று கட்டிய, வாயுக்கசிவைக் கண்டறியும் கருவி வைத்த தொழிற்சாலையில் மட்டுமே செய்யக்கூடிய வேலையை "எளிய முறை" என்று யாராவது வீடியோவில் காட்டினால் நம் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் மாடிவீடுகளில் அப்படி ஒன்று நடந்தால் ஒரு குடும்பத்தோடு போகாது.

போன மாதம் கீழ்வீட்டு அம்மா ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். முழங்கால் வலிக்கென்று கனடாவில் இருக்கும் மகன் யாரிடமோ கொடுத்தனுப்பிய சி.பி.டி. எண்ணெய். சி.பி.டி. என்பது கஞ்சாவில் உள்ள, போதை தராத ஒரு பொருள். லேபிளில் பச்சை இலைப் படம், மில்லிகிராம் கணக்கு, "இயற்கையானது" என்ற வார்த்தை. என்ன கரைப்பானில் எடுத்தது, அதில் எவ்வளவு மிச்சம், எந்த ஆய்வுகூடம் பார்த்தது, ஒன்றுமே இல்லை. அவர் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிப்பவர். சி.பி.டி. அந்த மருந்தின் அளவை உடம்பில் கூட்டிவிடக்கூடியது. இங்கே இதை வைத்திருப்பதே சட்டப் பிரச்சினை என்பதும் அவருக்குத் தெரியாது. தொடவேண்டாம், முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

2019இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில், பெரும்பாலும் கஞ்சா எண்ணெயை வேப் என்ற மின்சிகரெட்டில் குடித்தவர்களின் நுரையீரல் பழுதாகி 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் காரணம் கஞ்சா அல்ல, எண்ணெயைத் தடிப்பாக்கச் சேர்த்த விட்டமின் ஈ அசிட்டேட்.

ஏற்றுமதி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. அனுமதி கொடுக்கிறவர்கள் கரைப்பான் மிச்சத்துக்கும் பூச்சிமருந்துக்கும் உச்ச அளவு வைத்திருக்கிறார்களா, ஒவ்வொரு தொகுதியையும் யார் சோதிப்பார்கள் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும். அடுத்த கட்டுரையில் "சுத்தமான" என்ற சொல் வந்தால், பக்கத்திலேயே எடுத்த முறையையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
இரசாயனவியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06