அண்ணனின் கல்லும் அந்த மூன்று பாட்டில்களும்

தருமபுரி
ஞாயிறு காலை

அன்புள்ள சம்பத்து,

இங்கு எல்லோரும் சுகம். ஓசூரில் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். முனுசாமி மகள் கல்யாணத்துக்கு நீ வராத கணக்கு தனியாக இருக்கிறது, அதை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணனின் ஸ்கேன் ரிப்போர்ட்டையும், அவர் கல்லுக்காகக் குடிக்கும் ஹோமியோபதி சொட்டு மருந்தைப் பற்றி நீ எழுதியதையும் பார்த்தேன். மூத்திரப்பையில் 18 மில்லிமீட்டர் கல். பையின் வாசலைச் சுற்றியிருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி 52 கிராம். ஒண்ணுக்குப் போன பிறகும் பையில் தங்கிய நீர் 140 மில்லி. நீ கல்லை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். நான் அந்த 140-ஐத்தான் வட்டம் போடுவேன். நன்றாக வேலை செய்யும் பை கிட்டத்தட்டக் காலியாகிவிட வேண்டும். ஐம்பது மில்லிக்குள் இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ப்ராஸ்டேட் வீங்கிப் பையின் கழுத்தை நெரிப்பதால் மீதி நீர் தேங்குகிறது. தேங்கியதில் உப்பு படிகிறது, கிருமி சேர்கிறது, கல் வளர்கிறது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் பொடிக்கல் சாதாரணமாக மூத்திரத்தோடு வெளியே போய்விடும். அறுபதைத் தாண்டிய ஆணுக்குப் பையிலேயே கல் உட்கார்ந்திருந்தால் முக்கால்வாசி நேரம் வாசலில்தான் கோளாறு.

அண்ணி ஊர்த் தண்ணீரைத் திட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். நம் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தது உண்மை. அது பல்லைக் கறையாக்கும், எலும்பை வளைக்கும். அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அண்ணனின் கல்லை அதன் தலையில் கட்ட வேண்டாம். ராயக்கோட்டைத் தக்காளியையும் விட்டுவிடு. விதை கல்லாகும் என்பதெல்லாம் டீக்கடை வைத்தியம்.

இனி அந்தச் சொட்டு மருந்து. ஒரு மாதமாக நன்றாகக் கேட்கிறது, எரிச்சலே இல்லை, ஆபரேஷன் வேண்டாம் என்று அண்ணன் அடம்பிடிக்கிறார் என்கிறாய். எரிச்சல் குறைந்ததை நான் நம்புகிறேன். ஆனால் எதனால் குறைந்தது என்று பார். ஹோமியோபதி டாக்டர் பத்தியம் சொன்னார் இல்லையா, காபி கூடாது என்று? நாளைக்கு ஐந்து டம்ளர் காபி குடித்தவர் நிறுத்தினால் பை அடங்கத்தான் செய்யும். காபி அவசரத்தையும் எரிச்சலையும் கூட்டும். வேளைக்கு அரை டம்ளர் தண்ணீரில் சொட்டு விட்டுக் குடிப்பதால் நீரும் கொஞ்சம் அதிகம் உள்ளே போகிறது. இதையெல்லாம் விட முக்கியம், கல் உருளும். கழுத்தில் வந்து உட்கார்ந்தால் பாதியில் நீர் நிற்கும், முடியும்போது நுனியில் சுருக்கென்று வலிக்கும், கடைசிச் சொட்டில் ரத்தம் தெரியும். அடியில் போய்க் கிடந்தால் பத்து நாள் ஒன்றுமே தெரியாது. அந்தப் பத்து நாளில் என்ன மருந்து சாப்பிட்டாலும் பெயர் அதற்குத்தான்.

பாட்டில் படங்களையும் பார்த்தேன். காந்தாரிஸ் 30 என்பது தொட்டால் தோலைக் கொப்பளிக்க வைக்கும் பச்சை வண்டிலிருந்து வருவது. வண்டின் நஞ்சு மூத்திரத்தில் எரிச்சல் உண்டாக்கும், ஆகவே அதுவே எரிச்சலைத் தீர்க்கும் என்பது ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன் வகுத்த கணக்கு. ஒரு பங்கை நூறு பங்காக்குவது என்று முப்பது தடவை கரைப்பார்கள், 30 என்பது அதுதான். பன்னிரண்டாவது தடவையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே அபூர்வம். சார்சபரில்லா 30-ம் அதே கதை. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2015-இல் சொன்னது. இந்த இரண்டு பாட்டிலாலும் கெடுதல் இல்லை. மனத்தெம்புக்குச் சாப்பிடட்டும், பிடுங்காதே. பிடுங்கினால் உன்னிடம் எதுவும் சொல்லமாட்டார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

மூன்றாவது பாட்டில் வேறு ரகம். பெர்பெரிஸ் வல்காரிஸ் கியூ. கியூ என்றால் தாய்த்திரவம், சாராயத்தில் ஊறிய நிஜ வேர்ச்சாறு. அதில் உள்ள பெர்பெரின் சர்க்கரையை இறக்கக்கூடியது. அண்ணன் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை போடுகிறார். அதனால் இதைச் சாப்பிடுவதைச் சர்க்கரை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்னொன்று, முப்பது கேட்கவில்லை என்று யாராவது காந்தாரிஸ் கியூ, டெரிபிந்தினா கியூ என்று கொடுத்தால் தொடவே கூடாது. ஒன்று வண்டு நஞ்சு, மற்றது டர்பன்டைன். இரண்டும் சிறுநீரகத்தைப் புண்ணாக்கும்.

இதே சொட்டு மருந்தில் நான்கு பேருக்குக் கல் கரைந்து போயிற்றே என்று அண்ணன் கேட்பார். அவர்களுக்கு இருந்தது பெரும்பாலும் சிறுநீரகக் குழாயின் கடைசி முனையில் சிக்கிய நாலைந்து மில்லிமீட்டர் கல்லாக இருக்கும். பைக்கு ஒட்டியே இருப்பதால் ஸ்கேனில் பைக்கல் போலவே தெரியும். ஆனால் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் பைக்கல் போல உருளாது. அந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். 18 மில்லிமீட்டர் வராது. வழியின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

மருந்தால் கரையும் கல் ஒன்று உண்டு, யூரிக் அமிலக் கல். ஸ்கேனில் தெரிந்து சாதா எக்ஸ்ரேயில் தெரியாவிட்டால் அதுவாக இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு மூத்திரத்தில் அமிலத்தன்மை அதிகமாக இருப்பதால் அது வர வாய்ப்பும் அதிகம். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து மூத்திரத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 6.5-க்கும் 7-க்கும் நடுவில் வைத்தால் மெல்லக் கரையும். ஏழைத் தாண்டவிட்டால் மேலே பாஸ்பேட் படிந்து கரைவது நின்றுவிடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் அந்த சிரப்பைக் கடையில் வாங்கி ஊற்றக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. அதனால் எக்ஸ்ரே, கிரியாட்டினின், மூத்திரத்தில் கிருமி பார்க்கும் யூரின் கல்ச்சர் மூன்றையும் இந்த வாரமே எடு. ப்ராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, கிருமி இருந்தால் அது அடங்கிய பிறகு போதும். இப்போது எடுத்தால் வீணாக ஏறிக் காட்டி எல்லோரையும் பயமுறுத்தும்.

அந்த 140-ஐயும் மறுபடி பார்க்க வேண்டும். நாலு டம்ளர் குடித்து, முட்டுகிற அளவுக்கு அடக்கிவைத்துப் போனால் பை சோர்ந்து மீதி அதிகமாகக் காட்டும். லேசாக வந்ததுமே ஸ்கேன், பிறகு அவசரப்படாமல் ஒண்ணுக்கு, உடனே மறு ஸ்கேன். வீட்டிலும் போய்விட்டு இரண்டு நிமிடம் நின்று மறுபடி ஒருமுறை முயலச் சொல்.

பீர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் உன் மச்சான் வேலையைக் காட்டிவிடுவார். கல் கரையும் என்று இரண்டு பாட்டில் வாங்கி வந்து நீட்டுவார். பீர் யூரிக் அமிலத்தைக் கூட்டும். பை சட்டென்று நிரம்பி, வாசல் அடைத்து, ராத்திரி ஒரு மணிக்கு ஒரு சொட்டும் வராமல் துடிக்க வேண்டும். சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். நீர் அடியோடு நின்றாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ சொட்டு மருந்தைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எக்ஸ்ரேயில் கல் தெரிந்தால் யூராலஜி டாக்டர்தான். முதுகில் ஊசி போட்டு, மூத்திர வழியாகவே கருவி விட்டு லேசரில் உடைத்துக் கழுவி எடுப்பார்கள். வயிற்றைக் கிழிப்பது மிகப் பெரிய கல்லுக்கு மட்டும். ப்ராஸ்டேட்டையும் அதே மயக்கத்தில் சுரண்டிவிடுவார்களா என்று கேள். அதை விட்டுக் கல்லை மட்டும் எடுத்தால் அடுத்த கல்லுக்கு இடம் தயார். பையின் வாசலைத் தளர்த்தும் தாம்சுலோசின் மாத்திரை எழுதினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும். முதல் சில நாள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. கண்புரை ஆபரேஷன் பேச்சு இருந்ததே, கண் டாக்டரிடமும் அந்த மாத்திரையைச் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை போடுகிறாரா? நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் சொல்லட்டும். முதல்வர் காப்பீட்டு அட்டையையும் ஆதாரையும் முதல் நாளே எடுத்துப் போங்கள். உடைத்த துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், என்ன வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று சொல்ல முடியும்.

அண்ணனிடம் நானே பேசுகிறேன். புதன் சாயங்காலம் காவேரிப்பட்டினம் வருவேன், நீயும் வந்துவிடு. எக்ஸ்ரே படத்தையே கொண்டு வா, ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.

உன்
மாது