பவளப்பாறையோடு பாசி எடுப்பவர்களையும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

மன்னார் வளைகுடா தீவுகளைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்கடலின் பவளப்பாறைகளையும் கடற்பசுவையும் மக்கள் அறிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் படகில் போய் வருகிறவர்களுக்கு, இதே கடலில் முத்துக்குளித்த, இன்றும் சங்கு குளிக்கிற ஊர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சங்கப் பாடல்கள் புகழும் கொற்கை முத்து இந்தக் கடலில் எடுத்ததுதான். வங்காளத்துப் பெண்கள் அணியும் சங்கு வளையலுக்கும் இங்கிருந்துதான் காலங்காலமாகச் சங்கு போனது. இதைச் சொல்லாமல் மீனை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான்.

பாம்பன் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி என்னும் கடற்பாசியை எடுத்துக் கரையேறிய பெண்களோடு ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தார்கள். நீந்துவதற்குத் தகரத் தட்டைக் காலில் கட்டியிருந்தார்கள். எந்தப் பாறையில் பாசி எப்போது தளிர்க்கும், எந்த மாதம் அதைத் தொடாமல் விட வேண்டும் என்று அவர்கள் சொன்னது எந்தத் தகவல் பலகையிலும் இல்லை. பூங்கா என்றான பிறகு தீவுப் பக்கம் போவதற்கே கட்டுப்பாடுகளைச் சந்தித்தவர்கள் இவர்கள். வனத்துறை இப்பெண்களுக்கும் சங்கு குளித்த முதியவர்களுக்கும் பயிற்சி தந்து, முறையான சம்பளத்தோடு ஒவ்வொரு படகிலும் ஒருவரையாவது வழிகாட்டியாக அமர்த்த வேண்டும்.

ஒரு வாசகர்,
ராமநாதபுரம்.